இரவு இரண்டு மணிக்கு லீவரேஜ் போடும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

பகலெல்லாம் பனியன் கம்பெனியிலோ, ஐடி அலுவலகத்திலோ, கல்லூரியிலோ இருந்துவிட்டு, வீடு உறங்கிய பிறகு கைபேசியில் கிரிப்டோ பியூச்சர்ஸ் திறந்து உட்காரும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பிட்காயின் வாங்கிப் போட்டுவிட்டு அதை மறந்திருப்பவர்களிடம் எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்து மடங்கு, இருபத்தைந்து மடங்கு, ஐம்பது மடங்கு என்று லீவரேஜ் ஏற்றி, விடிவதற்குள் லிக்விடேட் ஆகி, காலையில் ஒன்றும் நடக்காதது போல வேலைக்குக் கிளம்பும் உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

திருப்பூரில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தருவது என் தொழில். ஜூன், ஜூலை வந்தால் உங்கள் வர்த்தக ஸ்டேட்மென்ட்கள் என் மேசைக்கு வரும். உங்கள் வீட்டார் பார்த்திராத அந்தத் தாள்களை நான் வரி வரியாகப் படிக்கிறேன். வாங்கிய நேரமும் விற்ற நேரமும் நொடி வரைக்கும் அதில் பதிவாகியிருக்கும். இரவு ஒன்பதரைக்குச் சின்னதாக ஒரு டிரேட், அதில் கொஞ்சம் லாபம். பதினொன்றுக்கு இன்னொன்று, அதில் நஷ்டம். பன்னிரண்டரைக்கு அதே காயினில் இரண்டு மடங்கு தொகை. ஒன்றரைக்கு நான்கு மடங்கு. மூன்று மணிக்குக் கணக்கில் ஒன்றுமில்லை. அதன்பின் சம்பளம் வரும்வரை ஒரு வரியும் இருக்காது. சம்பளம் வந்த அன்றிரவே மறுபடியும் ஒன்பதரை மணிக்கு ஒரு சின்ன டிரேட்.

கடையில் நிற்பவர், கம்ப்யூட்டர் எஞ்சினியர், நூல் ஏஜென்ட் மகன், நர்சிங் முடித்த பெண் என்று யாருடைய ஸ்டேட்மென்ட்டும் இதே அச்சில்தான் இருக்கிறது. பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தால், எது யாருடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் எல்லோரும், ஒருவரையொருவர் அறியாமலேயே, என்னிடம் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறீர்கள். "ஸ்ட்ராட்டஜி எல்லாம் சரியாத்தான்க்கா இருந்துச்சு. என்னால எமோஷன கண்ட்ரோல் பண்ண முடியல."

இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இந்த மடல் முழுவதும்.

இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் டெலிகிராம் குழுவின் அட்மின். யூடியூபில் பச்சை மெழுகுவர்த்திகளின் முன்னால் நின்று பேசுபவர். வர்த்தகச் செயலியின் 'கற்றுக்கொள்ளுங்கள்' பக்கம். வர்த்தகத்தில் உளவியல்தான் எல்லாம், பயத்தையும் பேராசையையும் வென்றவனே ஜெயிப்பான் என்று அவர்கள் மூவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஒரு வேலையைக் கச்சிதமாகச் செய்துவிடுகிறது: நீங்கள் தோற்கும்போது பழி முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. நூற்றில் ஒருவர் தோற்றால் அவருடைய குணத்தைப் பற்றிப் பேசலாம். நூற்றில் தொண்ணூறு பேர் தோற்கிற இடத்தில் குணத்தைப் பற்றிப் பேசுவது அநியாயம்.

தொண்ணூறு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. பங்குச் சந்தையின் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் தனிநபர்கள் என்ன ஆனார்கள் என்று, அந்தச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி ஆராய்ந்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதில் இறங்கினார்கள். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பிரேசிலில் பியூச்சர்ஸில் இறங்கியவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், முந்நூறு நாட்களுக்கு மேல் விடாமல் முயன்றவர்களில் 97 சதவீதம் பேர் பணத்தை இழந்திருந்தார்கள். பழகப் பழகக் கைவரும் என்கிற நம்பிக்கையை அந்த எண் என்ன செய்கிறது பாருங்கள். சர்வதேசத் தீர்வு வங்கி 95 நாடுகளில் 2015 முதல் 2022 வரை கிரிப்டோ செயலிகளைப் பதிவிறக்கியவர்களின் தரவை எடுத்துப் பார்த்து, ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பிட்காயினில் நஷ்டப்பட்டிருப்பார்கள் என்று கணித்தது. அதுவும் லீவரேஜ் இல்லாமல் வெறுமனே வாங்கியவர்களைப் பற்றிய கணிப்பு.

முந்நூறு நாட்கள் உட்கார்ந்த நூறு பேரில் 97 பேருக்கும் மனக்கட்டுப்பாடு இல்லாமல் போய்விட்டதா? அப்படி நம்ப எனக்கு மனம் வரவில்லை. உங்களில் பலரை எனக்குத் தெரியும். அப்பா இறந்தபின் தங்கையின் படிப்பைத் தூக்கிச் சுமந்தவர்கள் இருக்கிறீர்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நின்றுவிட்டு மாலையில் டிகிரி முடித்தவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கா மன உறுதி இல்லை?

உங்கள் மனம் அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்பது தெரியாத ரகசியமில்லை. உளவியலாளர்கள் டேனியல் கானெமானும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய ஆய்வில் அது இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட ஆயிரம் ரூபாய் போகும் வலி மனிதருக்குப் பெரிது. அதைவிட முக்கியமானது அடுத்த பாதி. லாபத்தில் இருக்கும்போது எச்சரிக்கையாக இருக்கும் அதே மனிதர், நஷ்டத்தில் விழுந்ததும் துணிச்சல்காரராகிவிடுகிறார். கிடைத்ததைக் காப்பாற்றப் பார்ப்பவர், விட்டதைப் பிடிக்க எதையும் பணயம் வைக்கத் தயாராகிறார். ஷெஃப்ரின், ஸ்டேட்மன் என்ற இருவர் 1985-ல் இதையே முதலீட்டாளர்களிடம் கண்டார்கள்: லாபத்தில் இருக்கும் பங்கைச் சீக்கிரம் விற்கிறார்கள், நஷ்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் ஸ்டேட்மென்ட்டின் பன்னிரண்டரை மணி டிரேடும் ஒன்றரை மணி டிரேடும் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்பே எழுதி வைக்கப்பட்டவை. அது உங்கள் தனிப்பட்ட பலவீனம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மனிதராகப் பிறந்தவர் எல்லோருக்கும் உள்ள சுபாவம் அது. வித்தியாசம் என்னவென்றால், நம் மற்ற வேலைகள் எல்லாம் அந்தச் சுபாவத்துக்கு ஓர் அணை வைத்திருக்கின்றன. இந்தச் சந்தை அந்த அணைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருக்கிறது.

பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறந்து மாலை 3.30-க்கு மூடிவிடுகிறது. நஷ்டத்தில் கொதித்துக்கொண்டிருப்பவரும் மூன்றரைக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, அடுத்த நாள் வந்தால்தான் உண்டு. அந்தப் பதினேழே முக்கால் மணி நேரம் எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும்! கிரிப்டோ சந்தைக்கு இரவு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. அமெரிக்கப் பங்குச் சந்தை திறப்பது நம் நேரப்படி மாலை ஏழு அல்லது எட்டு மணிக்கு. அங்கே செய்திகள் வெளியாகி விலைகள் துள்ளுவது நாம் தூங்க வேண்டிய நேரத்தில். களைத்த உடம்போடும் கெட்ட தூக்கத்தோடும் நீங்கள் முடிவெடுக்கும் அதே வேளையில், எதிர்ப்பக்கம் ஆர்டர் போடுவது பெரும்பாலும் தூங்காத ஒரு கணினி நிரல்.

2025 அக்டோபர் 10-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். சீனப் பொருட்கள்மீது கூடுதலாக 100 சதவீத வரி என்று டொனால்ட் டிரம்ப் அறிவித்தபோது நம் ஊரில் 11-ஆம் தேதி அதிகாலை. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பிட்காயின் 1,26,000 டாலரைத் தொட்டிருந்தது. பெரும்பாலோர் விலை ஏறும் என்று லாங் போட்டிருந்தார்கள். ஒரே நாளில் உலகெங்கும் 1,900 கோடி டாலருக்கு மேற்பட்ட லீவரேஜ் பந்தயங்கள் கலைக்கப்பட்டன, சுமார் பதினாறு லட்சம் கணக்குகளில். தமிழ்நாட்டில் அப்போது தூங்கிக்கொண்டிருந்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் பொசிஷன் இல்லை. விழித்திருந்தவர்களுக்கும் அதுவேதான் நடந்தது. அன்றிரவு உங்கள் மனம் கல்லாகவே இருந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்?

லீவரேஜின் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் கையில் 10,000 ரூபாய். இருபத்தைந்து மடங்கு என்றால் நீங்கள் பிடித்திருப்பது 2,50,000 ரூபாய்ப் பொசிஷன். விலை நான்கு சதவீதம் எதிராக நகர்ந்தால் உங்கள் பத்தாயிரமும் போய்விடும். உண்மையில் அதற்குச் சற்று முன்னாலேயே செயலி உங்களை வெட்டிவிடும். நான்கு சதவீதம் என்பது இந்தச் சந்தையில் ஒரு சாதாரண நாளின் ஆட்டம். அதாவது, மாதக் கடைசியில் விலை ஏறும் என்று நீங்கள் போட்ட கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆனாலும் அன்றிரவே உங்களை வெளியே தள்ளிவிட்டுத்தான் விலை மேலே போகும். கட்டணத்தையும் சேருங்கள். ஆர்டருக்கு 0.05 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், கேட்கத் தூசு மாதிரி இருக்கும். ஆனால் அது உங்கள் பத்தாயிரத்துக்குப் போடப்படுவதில்லை, இரண்டரை லட்சத்துக்குப் போடப்படுகிறது. திறக்க 125, மூட 125. ஒரு இரவில் பத்து முறை திறந்து மூடினால் 2,500 ரூபாய். விலை ஒரு பைசா அசையாமல் நின்றாலும் உங்கள் பணத்தில் கால்வாசி கட்டணமாகவே கரைந்திருக்கும். அதன்மேல் ஜிஎஸ்டி. பொசிஷனை வைத்திருந்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபண்டிங் கட்டணம் வேறு.

இப்போது உங்கள் அட்மினுக்கு வருகிறேன். அவர் தந்த லிங்க் வழியாக நீங்கள் கணக்கு திறந்திருந்தால், நீங்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அவருக்குப் போகும். நீங்கள் ஜெயித்தாலும் போகும், தோற்றாலும் போகும். நீங்கள் அடிக்கடி டிரேட் செய்தால் அதிகம் போகும். இரவில் ஆறு சிக்னல் போடுபவருடைய சொந்த ஸ்டேட்மென்ட்டை, ஸ்கிரீன்ஷாட்டாக இல்லாமல் முழு வருடக் கணக்காக, என்றாவது பார்த்திருக்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள். குழுவிலிருந்து நீக்கப்பட்டால், பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் எனக்குள்ள ஆதங்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கண்ணீரை நான் அதிகம் பார்ப்பது அங்கேதான். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. வருடத்தில் ஒரு காயினில் இரண்டு லட்சம் லாபம், இன்னொன்றில் இரண்டு லட்சம் நஷ்டம் என்றால் உங்கள் கையில் மிஞ்சியது பூஜ்யம். நீங்கள் கட்ட வேண்டியது 62,400 ரூபாய். இதை நான் சொல்லும்போது என் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகம் போகிற போக்கை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. விற்கும்போதெல்லாம் ஒரு சதவீத டிடிஎஸ் வேறு. அது இல்லாத இடம் என்று விளம்பரம் செய்துதான் உங்களில் பலரை பியூச்சர்ஸ் பக்கம் இழுத்தார்கள். இவ்வளவு வரி வாங்கும் அரசு, செபியைப் போல இந்தச் சந்தைக்கென்று ஒரு காவலரை நியமித்துவிட்டு வாங்கியிருக்கலாம். அரசிடம் கேட்க வேண்டியதை வேறொரு நாள் கேட்போம். இன்று உங்களிடம் பேச வந்தேன்.

வங்கியில் போட்ட பணத்துக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. எக்ஸ்சேஞ்சில் போட்ட பணத்துக்கு என்ன உண்டு என்பதை 2024 ஜூலை 18 அன்று நாம் பார்த்தோம். வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டன. பணம் எடுப்பது நின்றுபோனது. ஓராண்டுக்கும் மேல் லட்சக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். வழக்கு நடந்தது சிங்கப்பூரில். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில், கிரிப்டோவும் ஒருவர் உரிமை கொண்டாடத்தக்க சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்பு, வரவேற்கிறேன். ஆனால் 'இது என் சொத்து' என்று நிலைநாட்டவே ஒருவர் உயர் நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

டாலர் காயினான யுஎஸ்டிடியை, ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் பி2பி முறையில் ரூபாயாக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கணக்கில் பணம் போடும் அந்த முகம் தெரியாத ஆள், யாரோ ஒரு பெரியவரை 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பிடுங்கிய பணத்தை உங்களிடம் தள்ளிவிடலாம். புகார் பதிவானதும் பணம் போன பாதையில் இருக்கும் கணக்குகளை எல்லாம் முடக்குவார்கள், உங்கள் சம்பளக் கணக்கு உட்பட. எந்த மாநிலத்துக் காவல் நிலையம் என்பதே வங்கிக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும். தப்பு எதுவும் செய்யாமல் மாதக்கணக்கில் அலையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கமிஷனுக்கு ஆசைப்பட்டு உங்கள் வங்கிக் கணக்கை வேறொருவர் பயன்படுத்தக் கொடுத்தால், அது அலைச்சலோடு நிற்காது. நீங்களே குற்றவாளி ஆகிவிடுவீர்கள்.

நான் டிஜிட்டல் பணத்துக்கே எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். 2008 அக்டோபர் 31-ல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான அந்த ஒன்பது பக்கக் கட்டுரையை நானும் படித்திருக்கிறேன். வங்கிகள் உலகத்தையே கவிழ்த்துப் போட்டிருந்த நேரத்தில், நடுவில் யாரும் இல்லாமல் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குப் பணம் அனுப்ப வழி கேட்டது அது. அந்தக் கேள்வி நியாயமானது. 2023-ல் விலைவாசி ஒரே வருடத்தில் 200 சதவீதத்துக்கும் மேல் ஏறிய அர்ஜென்டினாவில், சம்பளம் வந்ததும் அதை டாலர் காயினாக மாற்றிக்கொண்டவர்களைக் குறை சொல்ல நான் யார்? எல்லை தாண்டி 200 டாலர் அனுப்ப உலக சராசரியாக ஆறு சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்கிறது உலக வங்கி. தன் வியர்வையை ஊருக்கு அனுப்பும் தொழிலாளிக்கு அந்தச் செலவு குறைய வேண்டும், அதற்கு இந்தத் தொழில்நுட்பம் உதவினால் நான்தான் முதலில் சந்தோஷப்படுவேன்.

ஆனால் பணம் ஒரு சமூகத்தில் செய்ய வேண்டிய வேலை என்ன? திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் டெய்லர் அக்கா, ஞாயிற்றுக்கிழமை அதே பணத்தில் அதே அளவு அரிசி வாங்க முடிய வேண்டும். 2021 நவம்பரில் 69,000 டாலர் அருகில் இருந்த பிட்காயின், அடுத்த நவம்பரில் 16,000-க்கும் கீழே போனது. அதில் எப்படிக் கூலி கொடுப்பது? எல் சால்வடார் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வப் பணமாக அறிவித்தது. வாலட் திறந்தவர்களுக்கு அரசே 30 டாலர் கொடுத்தது. பலர் அந்த 30 டாலரைச் செலவழித்துவிட்டுச் செயலியை மூடிவிட்டார்கள். 2025 ஜனவரியில், பன்னாட்டு நிதியத்தின் கடனுக்காக, பிட்காயினை ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்த நாடு கைவிட்டது. நம் ஊரிலோ 2016-ல் யுபிஐ வந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைக் கடந்தது. பேக்கரியில் டீக்குக் கொடுக்கும் பதினைந்து ரூபாயும் அதில் போகிறது. டிஜிட்டல் பணம் சமூகத்தில் செய்கிற வேலையைப் பார்க்க வேண்டுமானால் அந்த டீக்கடை கல்லாவில் பாருங்கள். அங்கே பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஒரு காரணத்தோடு போகிறது. உங்கள் இருபத்தைந்து மடங்கு பொசிஷன் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. யாருடைய கூலியும் அதில் போய்ச் சேருவதில்லை. பிட்காயினின் பெயரை ஒட்டிக்கொண்டு நடக்கும் பந்தயம் அது. 'எதிர்காலத்துப் பணத்தில் இருக்கிறேன்' என்று நீங்கள் வீட்டில் சொல்லும்போது, அந்த எதிர்காலத்துக்கும் உங்கள் ஒன்றரை மணி டிரேடுக்கும் சம்பந்தமில்லை என்பதை உங்களுக்காவது ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் ரம்மியில் தோற்று நம் பிள்ளைகள் பலர் செத்தபோது இந்த மாநிலம் ஒன்றைப் புரிந்துகொண்டது. 2025 பிப்ரவரியில் வந்த தமிழ்நாட்டு விதிமுறைகளின்படி, பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மூடி வைக்க வேண்டியிருந்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. உயர் நீதிமன்றம் அந்த ஜூனில் விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்துவிட்டது. நள்ளிரவில் தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் 'உணர்ச்சியைக் கட்டுப்படுத்து' என்று யாரும் உபதேசம் செய்யவில்லை. கதவை மூடினார்கள். கிரிப்டோ பியூச்சர்ஸுக்கு அந்தக் கதவு இல்லை. நாளைக்கே யாரும் வந்து போடப்போவதும் இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

லீவரேஜை விட்டுவிடுங்கள். குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை, பத்திலிருந்து ஐந்துக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை, பியூச்சர்ஸ் வாலட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே மூடிவிடுங்கள். கிரிப்டோமேல் உண்மையான நம்பிக்கை இருந்தால், முழுவதும் போனாலும் வீட்டு வாடகைக்குக் குறை வராத ஒரு சிறு தொகைக்கு நேரடியாக வாங்கி வையுங்கள், அதைப் பகலில் வாங்குங்கள். விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்துகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். பாதி போன பணம் பழைய நிலைக்கு வர, மிச்சம் இருப்பது இரட்டிப்பாக வேண்டும். அதற்காக நீங்கள் ஏற்றும் லீவரேஜ்தான் மிச்சத்தையும் கொண்டுபோகிறது. போனது போனதுதான். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

இரண்டாவதாகக் கேட்பது அதைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஸ்டேட்மென்ட்டை வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். அப்பாவிடம் முடியாதென்றால் அக்காவிடம், மாமாவிடம், கல்யாணம் ஆகியிருந்தால் மனைவியிடம், கணவரிடம். முழுத்தொகையையும் சொல்லுங்கள். லோன் செயலியில் வாங்கியது, நண்பரிடம் கைமாற்றாக வாங்கியது, அம்மாவின் வளையலை அடகு வைத்தது, எல்லாவற்றையும். திட்டுவார்கள். சிலர் அழுவார்கள். ஆனால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து குடும்பத்தோடு கணக்குப் போட்ட எத்தனையோ வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தொகை தெரிந்த மறுநாளே எந்த நகையை விற்பது, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைக்க வேண்டும், வரியை ஒளிக்கக் கூடாது, மிச்சத்தை மாதத் தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். இதெல்லாம் தீர்க்கக்கூடிய கணக்கு. தனியாக வைத்துக்கொண்டு இரவில் தீர்க்கப் பார்க்கும்போதுதான் அது தீராத கணக்காகிறது.

உயிரை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடமாவது நினைத்தவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், மிச்சத்தைப் படிக்க வேண்டாம். 14416-க்கு இப்போதே அழையுங்கள். அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். யாராவது ஏமாற்றிப் பணத்தைப் பறித்திருந்தால் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, உங்களில் கொஞ்சம் மூத்தவர்களுக்கு. உங்கள் லிங்க்கில் சேர்ந்த தம்பிகள் இருக்கிறார்கள். ஹாஸ்டலில் அடுத்த கட்டில்காரன், கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பையன், சித்தி மகன். நீங்கள் ஜெயித்த இரண்டு இரவுகளின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு உங்கள் முழு வருடக் கணக்கையும், கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையோடு, இந்த வாரமே அனுப்பி வையுங்கள். உங்கள் லிங்க்கை எடுத்துவிடுங்கள். என்னைப் போன்றவர் பத்து மடல் எழுதினாலும் அவர்கள் நம்ப மாட்டார்கள். அண்ணன் நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

கணக்கைப் பார்க்கத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால், உங்கள் ஊரிலேயே வரிக்கணக்கு எழுதுபவர் யாரிடமாவது போய் உட்காருங்கள். வெட்கப்பட வேண்டாம். உங்களுக்கு முன்னால் வந்தவருடைய ஸ்டேட்மென்ட்டும் இதே மாதிரிதான் இருந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
திருப்பூர்